மருந்துக்குத் துணை நில்லுங்கள்
(குடும்ப நல விளக்கக் கூட்டத்தில் தம்பதிகளிடையே ஆற்றிய பேச்சின் எழுத்து வடிவம்)



நான் சுகாதாரக் கல்வி வேலை பார்க்கிறவள். ஊருக்கு ஊர் என்னை "நர்சம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். "நர்சம்மா வந்தா குடும்பக் கட்டுப்பாடு பத்திப் பேசும், தடுப்பூசி பத்திப் பேசும்" என்று நீங்கள் நினைத்து வந்திருப்பீர்கள். இன்று நான் புற்றுநோயைப் பற்றிப் பேசப் போகிறேன். பயப்பட வேண்டாம். நோய் எப்படி வருகிறது என்று பாடம் எடுக்கப் போவதில்லை. வீட்டில் ஒருவருக்கு அந்த நோய் வந்து, அடையாறுக்கோ இராயப்பேட்டைக்கோ சிகிச்சைக்குப் போய் வருகிற காலத்தில், கணவனும் மனைவியும் வீட்டிலே என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்பதுதான் பேச்சு.

இதுவும் குடும்ப நலம்தான். நோய் ஒருவர் உடம்பில் வந்தாலும், அதைச் சுமப்பது குடும்பம் முழுவதும் அல்லவா?

ஒரு தம்பதியின் கதை

பல வருஷங்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். பேர், ஊர் வேண்டாம். அந்தப் பெண்ணுக்கு முப்பத்தாறு வயது. இரண்டு பிள்ளைகள். மார்பில் கட்டி. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்கப்புறம் மூன்று வாரத்துக்கு ஒரு முறையாக ஆறு தடவை கீமோ ஊசி போட வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஊர் திரும்பிய அவர்களுக்கு அந்த ஆறு தேதிகளையும் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டுக் கொடுத்தது நான்தான்.

இரண்டு ஊசியோடு நிறுத்திவிட்டார்கள். பக்கத்து ஊரில் ஒருவர், ஒரு மண்டலம் பொடி சாப்பிட்டால் கட்டி வேரோடு போகும் என்று சொல்லி, பதினெட்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு பொடி கொடுத்திருக்கிறார். ஏழு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. நான் போய்ப் பார்த்தபோது நோய் எலும்புக்குப் போய்விட்டது.

எனக்குக் கோபம் வந்தது. "ஏன்யா இப்படிச் செஞ்சீங்க? ஆஸ்பத்திரி மேல நம்பிக்கை இல்லையா?" என்று அவள் வீட்டுக்காரரிடம் சத்தம் போட்டேன். அவர் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "நம்பிக்கை இல்லாம இல்ல நர்சம்மா. ரெண்டாவது ஊசிக்கு அப்புறம் வாயெல்லாம் புண்ணு. பத்து நாளா கஞ்சி கூட எறங்கல. கண்ணு முன்னால இளைச்சுட்டே போனா. மூணாவது ஊசி போட்டா செத்துருவாளோன்னு பயந்துட்டோம். என்ன செய்யணும்னு யாரும் சொல்லல. பொடி குடுத்தவன் மட்டும்தான் பக்கத்துல ஒக்காந்து பேசினான்."

யோசித்துப் பாருங்கள். தேதியை எழுதிக் கொடுத்த நான், வாய்ப்புண் வந்தால் என்ன செய்வது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது என் தவறு. அந்தத் தவறுக்குப் பரிகாரமாகத்தான் போகிற ஊரிலெல்லாம் இந்தப் பேச்சைப் பேசிவருகிறேன்.

அன்று நான் கற்றுக்கொண்ட பாடம் இதுதான். பாதியில் சிகிச்சையை நிறுத்துகிறவர்களில் பலர், மருந்தின் மேல் நம்பிக்கை இல்லாததால் நிறுத்துவதில்லை. மருந்தினால் வரும் சின்னச் சின்னத் தொல்லைகளைத் தாங்க முடியாமல் நிறுத்துகிறார்கள். அந்தத் தொல்லைகளைக் குறைத்து, ஆறு ஊசி என்றால் ஆறையும் போட்டு முடிக்க வைப்பதுதான் வீட்டுத் துணை. அதைவிடப் பெரிய கைவைத்தியம் வேறில்லை.

அடையாறு ஆஸ்பத்திரி வந்த கதை

நம் பக்கத்து ஜனங்களுக்குப் புற்றுநோய் என்றால் அடையாறுதான் ஞாபகத்துக்கு வரும். அது எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரம் அம்மையார் மனத்தில் நெடுங்காலம் இருந்தது. இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டி, 1952ல் பிரதமர் நேருவைக் கொண்டு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் வருஷம் ஜூன் 18ஆம் தேதி 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கியது. "புற்றுநோய் வந்தால் சாவுதானே, அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி?" என்று கேட்டவர்களும் அந்த நாளில் உண்டு.

அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், மயிலாப்பூரில் பிறந்த டாக்டர் சாந்தாவும் அந்த நிலையத்தை வளர்த்தார்கள். டாக்டர் சாந்தா 1955ல் அங்கே சேர்ந்தார். 2021 ஜனவரியில் 93ஆம் வயதில் மறையும் வரை அதுவே அவர் வீடு, அதுவே அவர் உலகம். புற்றுநோயைப் பற்றிப் பயத்தைப் பரப்பாதீர்கள், சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகும் என்பதை ஆயுள் முழுவதும் சொல்லிக்கொண்டே இருந்தவர் அவர். 12 படுக்கை நூற்றுக்கணக்கான படுக்கையாக வளர்ந்ததே அந்தப் பேச்சுக்குச் சாட்சி.

துணை வேறு, மாற்று வேறு

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மாட்டு வண்டியை மாடு இழுக்கிறது. மேட்டில் ஏறும்போது பின்னாலிருந்து நாம் கை கொடுத்துத் தள்ளுகிறோம். கை கொடுப்பது துணை. மாட்டை அவிழ்த்துவிட்டு, நாமே தள்ளிக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம் என்று நினைத்தால் வண்டி நடுவழியில் நிற்கும்.

ஆபரேஷன், கரண்ட் வைப்பது, கீமோ ஊசி, மாத்திரை – இவைதான் வண்டியை இழுக்கும் மாடு. நல்ல ஆகாரம், நடை, மூச்சுப் பயிற்சி, தூக்கம், பிரார்த்தனை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற துணை – இவை தள்ளுகிற கை. இரண்டும் வேண்டும். ஆனால் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

இது என் சொந்த அபிப்பிராயம் இல்லை. அமெரிக்காவில் சிகிச்சையை வேண்டாம் என்று சொல்லி மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பியவர்களையும், ஆஸ்பத்திரி சிகிச்சை எடுத்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்து 2018ல் ஒரு ஆராய்ச்சி வெளியானது. மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பியவர்களுக்கு இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு அதிகம். மார்பகப் புற்றுநோயில் மட்டும் பார்த்தால் ஐந்து மடங்குக்கு மேல். படித்தவர்கள், வசதியுள்ளவர்களும் அந்தக் கணக்கில் இருந்தார்கள். ஆகவே இது படிப்பறிவில்லாதவர்கள் செய்யும் தப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நித்தியகல்யாணி சொல்லும் சேதி

"அப்படியானால் மூலிகையெல்லாம் பொய்யா நர்சம்மா?" என்று கேட்பீர்கள். பொய் இல்லை. கோயில் ஓரத்திலும் சுடுகாட்டு ஓரத்திலும் வருஷம் முழுக்கப் பூக்கிறதே நித்தியகல்யாணி, நம் தென் மாவட்டங்களில் பயிராகவே போடுகிறார்களே, அந்தச் செடியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று கனடா நாட்டில் அதை ஆராய்ந்தார்கள். அது ரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைக்கிறது என்று தற்செயலாகக் கண்டார்கள். அதிலிருந்து 1958ல் வின்பிளாஸ்டின் என்ற மருந்தும், பிறகு வின்கிரிஸ்டின் என்ற மருந்தும் வந்தன. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு இன்றைக்கும் அந்த ஊசி போடுகிறார்கள்.

ஆனால் கவனியுங்கள். ஒரு கிராம் மருந்து எடுக்கப் பல நூறு கிலோ காய்ந்த இலை வேண்டும். மருந்தின் அளவு ஒரு துளி கூடினாலும் நரம்பு கெடும். அதனால் உயரம், எடை பார்த்து அளந்து போடுகிறார்கள். அந்தச் செடியின் இலையைப் பறித்து அரைத்துக் குடித்தால் நோய் போகாது, விஷம்தான் ஏறும். செடியில் மருந்து இருப்பது உண்மை. எந்தச் சத்து, எத்தனை அளவு, யாருக்கு என்று தெரிந்த பிறகுதான் அது மருந்து.

இப்போது ஊரெல்லாம் முள் சீத்தா பேச்சாக இருக்கிறது. பழம் ஒன்று சாப்பிடுவதில் குற்றமில்லை. ஆனால் அது மனிதருக்குப் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று நிரூபணம் ஆகவில்லை. குவாதலூப் என்ற தீவில் அந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் அதிகமாக உபயோகித்தவர்களிடம் கைகால் விறைத்துப் போகும் நரம்பு நோய் காணப்பட்டதாக 1999ல் டாக்டர்கள் எழுதினார்கள். சீந்தில் கொடி கஷாயத்தால் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மும்பை டாக்டர்கள் 2021ல் எழுதினார்கள். கீமோ மருந்தைக் கரைத்து வெளியேற்றுவதில் கல்லீரலுக்குப் பெரிய பங்கு உண்டு. அது கெட்டால் அடுத்த ஊசி போட முடியாது. பம்பளிமாஸ் பழம் கூடச் சில மாத்திரைகளின் வீரியத்தை மாற்றும்.

குழம்பில் போடுகிற மஞ்சள், இஞ்சி, பூண்டு, சீரகம் எல்லாம் ஆகாரம். தாராளமாகச் சாப்பிடலாம். அதையே மாத்திரையாக, சாறாக, பொடியாக அதிக அளவில் எடுப்பதானால் டாக்டரிடம் கேட்டே எடுக்க வேண்டும். சித்த மருந்து சாப்பிட விருப்பமா? தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அரும்பாக்கத்தில் இந்திய மருத்துவ ஆஸ்பத்திரி இருக்கிறது. படித்த வைத்தியரிடம் போங்கள். புற்றுநோய் டாக்டரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். "திட்டுவாரோ" என்று மறைக்க வேண்டாம். திட்டினாலும் உயிர் பிழைக்கும்.

வாய்ப்புண்ணுக்கு உப்பும் சோடாவும்

அன்று நான் சொல்லாமல் விட்டதை இன்று முதலில் சொல்கிறேன். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர். அதில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா. கலக்கி மூடி வைத்துக்கொண்டு, சாப்பிட்ட பிறகும் படுக்கப் போகும் முன்பும், ஒரு நாளில் ஐந்தாறு தடவை வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். விழுங்கக்கூடாது. தினம் புதிதாகக் கலக்க வேண்டும். புண் வந்த பிறகு அல்ல, முதல் ஊசியன்றே ஆரம்பிக்க வேண்டும்.

பல் துலக்க மிருதுவான பிரஷ். செங்கல் பொடி, சாம்பல், வேப்பங்குச்சி அந்த நாட்களில் வேண்டாம். காரம், புளி, சூடு குறைத்து, குழைந்த சாதம், தயிர், இளம் சூட்டில் கஞ்சி கொடுங்கள். அப்படியும் இறங்கவில்லை என்றால், மரத்துப்போக வைக்கும் மருந்து டாக்டரிடம் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். வாய், தொண்டைக்குக் கரண்ட் வைப்பதாக இருந்தால், அதற்கு முன்பே பல் டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிட வேண்டும்.

குமட்டலுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை, குமட்டல் வரும் வரை காத்திருக்காமல் சொன்ன வேளைக்குப் போட வேண்டும். மூன்று வேளை வயிறு முட்டச் சாப்பிடாமல், ஆறு வேளையாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாம். தாளிக்கிற வாசனை ஆகாது என்றால், சமையலை முற்றத்து அடுப்புக்கு மாற்றுங்கள், அல்லது அன்றைக்கு வீட்டுக்காரர் சமைக்கட்டும். சிரிக்காதீர்கள் ஐயா, உங்களைத்தான் சொல்கிறேன்.

பத்தியம் என்ற பெயரில் பட்டினி வேண்டாம்

நம் ஊரில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் முதலில் நிறுத்துவது முட்டை, பால், பருப்பு. இது பெரிய தவறு. சிகிச்சை நடக்கும்போது உடம்பு புதிய தசையும் ரத்தமும் கட்ட வேண்டும். அதற்குப் புரதம் வேண்டும். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு நாளைக்கு 50 முதல் 75 கிராம் வரை புரதம் தேவை.

இதற்கு டப்பா பவுடர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. இரண்டு முட்டையில் 12 கிராம். இரண்டு டம்ளர் பால் அல்லது தயிரில் 12 கிராம் போல. 50 கிராம் பருப்பையோ பயறையோ வேகவைத்தால் 11 கிராம். ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7 கிராம். மீதி இட்லி, சோறு, கேழ்வரகுக் கூழிலிருந்து வந்துவிடும். மீன் கிடைத்தால் இன்னும் நல்லது. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவோடு நிற்க வேண்டும்.

"சர்க்கரை சாப்பிட்டால் புற்று வளரும்" என்று சொல்லிச் சோறே கொடுக்காமல் வைக்கிறார்கள். நோயாளியைப் பட்டினி போட்டால் நோய் பட்டினி கிடக்காது, ஆள்தான் இளைப்பார். எடை குறைந்தால் ஊசியைத் தள்ளிப்போட வேண்டி வரும். வாரம் ஒரு நாள் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். துணை சுகாதார நிலையத்தில் எடை இயந்திரம் இருக்கிறது.

காய்ச்சல் வந்தால் காத்திருக்காதீர்கள்

இதை மட்டும் மறக்கவே கூடாது. கீமோ ஊசி போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை பலருக்கு ரத்தத்தில் வெள்ளணு குறைந்திருக்கும். கிருமியை எதிர்க்கும் படை இல்லாத நேரம் அது. அந்த நாட்களில் கொதித்து ஆறிய தண்ணீர், அப்போது சமைத்த ஆகாரம் மட்டும்தான். பழையது, வெட்டி வைத்து விற்கிற பழம், ரோட்டோர ஜூஸ், பச்சை முட்டை வேண்டாம்.

வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால், நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாத்திரை போட்டு விடியும் வரை பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. 108ஐக் கூப்பிடுங்கள். "கீமோ ஊசி போட்டவர், காய்ச்சல்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துப் போங்கள்.

கரண்ட் வைக்கிறவர்கள், உடம்பில் போட்ட மைக்கோட்டை அழிக்கக்கூடாது. அந்த இடத்தில் மஞ்சள், எண்ணெய், பவுடர், விபூதி எதுவும் பூசக்கூடாது. பருத்தித் துணி தளர்வாக உடுத்தலாம்.

நடையும் மூச்சும்

"உடம்பு முடியாதவர் படுத்தே இருக்கட்டும்" என்பது பழைய பேச்சு. சிகிச்சையில் வரும் அசதி, படுக்கப் படுக்கக் கூடும். நடக்க நடக்கக் குறையும். முதல் வாரம் வாசலிலிருந்து தெரு முனை வரை. அடுத்த வாரம் கோயில் வரை. இப்படிக் கூட்டிக்கொண்டே போய், முடிந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது அரை மணி நேரம் நடக்கலாம்.

கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில், பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டு கூறாகப் பிரித்தார்கள். ஒரு கூறுக்கு உடற்பயிற்சியைப் பற்றிய புத்தகம் மட்டும் கொடுத்தார்கள். மற்ற கூறுக்கு ஒரு பயிற்சியாளர் துணையாக நின்று மூன்று வருஷம் நடை முதலிய பயிற்சி செய்ய வைத்தார். 2025ல் முடிவு வெளியானது. எட்டு வருஷக் கணக்கில், துணையோடு பயிற்சி செய்தவர்களில் 100க்கு 90 பேர் உயிரோடு இருந்தார்கள். புத்தகம் மட்டும் வாங்கியவர்களில் 100க்கு 83 பேர். சிகிச்சையை முடித்தபிறகு செய்த பயிற்சி இது, அதற்குப் பதிலாகச் செய்தது இல்லை. இரண்டாவது, புத்தகம் மட்டும் போதவில்லை, கூட ஒரு ஆள் வேண்டியிருந்தது. நம் வீட்டில் அந்த ஆள் யார்? கணவனுக்கு மனைவி, மனைவிக்குக் கணவன்.

மார்பக ஆபரேஷன் ஆனவர்கள், டாக்டர் அனுமதித்த பிறகு, சுவரில் விரல்களால் ஏணி ஏறுவது போல் கையை மெல்ல உயர்த்திப் பழக வேண்டும். இல்லாவிட்டால் தோள் இறுகிவிடும். அந்தப் பக்கக் கை வீங்க ஆரம்பித்தால் உடனே காட்டுங்கள்.

மனக்கலக்கம், தூக்கமின்மைக்கு மெதுவான மூச்சுப் பயிற்சியும் எளிய ஆசனமும் உதவுகின்றன. மயிலாப்பூரை அடுத்த மந்தைவெளியில் 1976ல் தேசிகாச்சார் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் இருக்கிறது. ஆளுக்குத் தக்கபடி ஆசனத்தை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் முறை. அதுதான் நமக்கும் வேண்டிய பாடம். டி.வி.யைப் பார்த்து வேகமான மூச்சும், தலைகீழ் ஆசனமும் செய்ய வேண்டாம். எலும்பில் நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் முதுகை வளைக்கக்கூடாது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். இருவரும் சேர்ந்தே செய்யலாம். ஐந்து நிமிஷம் போதும்.

கணவன் மனைவி தனியாகப் பேச வேண்டியது

இனிச் சொல்லப்போவதைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. தனித் தட்டு, தனிப் பாய் தேவையில்லை. வெளியிலிருந்து கரண்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறவர் உடம்பிலிருந்து கரண்ட் வெளியே வராது. பிள்ளையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். கீமோ ஏற்றிய முதல் இரண்டு நாள் மட்டும், வாந்தி, சிறுநீர், மலத்தைக் கையுறை போட்டுச் சுத்தம் செய்து, நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள்.

சிகிச்சைக் காலத்தில் கர்ப்பம் தரிக்கக்கூடாது. கீமோவும் கரண்டும் கருவைப் பாதிக்கும். கணவனுக்குச் சிகிச்சை என்றாலும் இதே விதிதான். நிரோத் உபயோகியுங்கள். மார்பகப் புற்றுநோய் வந்த பெண்ணுக்கு மாலா-என் போன்ற ஹார்மோன் மாத்திரையும், அந்தரா ஊசியும் ஆகாது. நிரோத் அல்லது காப்பர்-டி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மாதவிலக்கு தள்ளிப்போனால், மருந்தினால்தான் என்று நினைத்துச் சும்மா இருக்காமல் பரிசோதனை செய்யுங்கள். கீமோ எடுக்கும் தாய், கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கக்கூடாது.

இனிமேல் குழந்தை வேண்டும் என்று நினைக்கிற இளம் தம்பதிகள், முதல் ஊசிக்கு முன்பே அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். விந்தையோ கருமுட்டையையோ எடுத்துச் சேமித்து வைக்கும் வசதி சென்னையில் இருக்கிறது. ஊசி ஆரம்பித்த பிறகு கேட்டால் காலம் கடந்துபோகும்.

இல்லற உறவு நோயை வளர்க்காது. உடம்பும் மனமும் இடம் கொடுத்தால் அதில் தவறில்லை. இடம் கொடுக்காவிட்டால் வற்புறுத்தலும் கூடாது. கருப்பை வாயில் கரண்ட் வைத்த பெண்ணுக்கு உறுப்பு இறுகி வலி வரலாம். அதற்கும் வழி உண்டு, நர்சிடம் கேட்கலாம்.

ஐயா, உங்களிடம் ஒரு வார்த்தை. முடி கொட்டிய மனைவி கண்ணாடியை அல்ல, உங்கள் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள். மார்பை எடுத்தபின் அவள் கேட்காமல் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இன்னும் நான் உங்க பொண்டாட்டிதானே?" அதற்குப் பதில் வாயால் சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து தலையில் எண்ணெய் தடவிவிட்டால் போதும். முடி மறுபடியும் முளைக்கும்.

வலியைப் பொறுத்துக்கொள்வது பெருமை இல்லை

நோய் முற்றியவருக்கு வரும் வலிக்கு மார்ஃபின் மாத்திரை இருக்கிறது. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்துக்கு எடுத்தால் வலி அடங்கும். போதைக்கு அடிமையாகிவிடுவோமோ என்று பயந்து வலியில் துடிக்க வேண்டியதில்லை. மலச்சிக்கல் வரும், அதற்கு மருந்து சேர்த்தே கேளுங்கள். தியாகராய நகரில் ஆர்.எம்.டி. அறக்கட்டளை போன்ற இடங்களில் இந்த நோய்தணிப்புச் சிகிச்சை நடக்கிறது. ஊரில் இருப்பவர்களுக்கு, 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நர்ஸ் வீடு தேடி வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேரைப் பதிவு செய்யுங்கள்.

புகையிலை போடுகிறவர்கள் இன்றே விட வேண்டும். "வந்தது வந்துவிட்டது, இனி விட்டு என்ன?" என்று சொல்லாதீர்கள். சிகிச்சையின்போது விட்டாலும் புண் சீக்கிரம் ஆறும், மருந்து நன்றாக வேலை செய்யும். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

பணத்துக்குப் பயந்து நிறுத்த வேண்டாம். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ரயிலில் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சந்தேகத்துக்கு 104ஐக் கூப்பிடுங்கள்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

கேள்வி: வேண்டுதல், விரதம் இருக்கலாமா?
பதில்: வேண்டுதல் மனசுக்குத் தெம்பு. வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி விரதம் இருக்க வேண்டாம்; அவருக்காக வேறொருவர் இருக்கட்டும்.

கேள்வி: ஊசி போட்டால் உயிர் சீக்கிரம் போகும் என்கிறார்களே?
பதில்: முற்றிய பிறகு கொண்டுபோய்ச் சேர்த்தவர்களைப் பார்த்து ஏற்பட்ட பேச்சு அது. சீக்கிரம் வந்து, முழுவதும் முடித்தவர்கள் நம்மிடையே வேலை பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். அவர்கள் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: எங்களுக்கு வராமல் இருக்க என்ன செய்வது?
பதில்: முப்பது வயது தாண்டிய எல்லோரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாய்ப் பரிசோதனை செய்துகொள்ளலாம். பெண்கள் மார்பையும் கருப்பை வாயையும் சேர்த்துப் பாருங்கள். பணம் இல்லை, வலி இல்லை. ஜோடியாகவே வாருங்கள்.

முடிவாக

அந்தத் தம்பதியின் கதையை முடிக்கவில்லையே. மறுபடியும் சிகிச்சை ஆரம்பித்தோம். நோய் முழுவதும் போகவில்லை. ஆனால் வலி அடங்கி, வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு, இன்னும் இரண்டு வருஷம் பிள்ளைகளோடு இருந்தாள். மூத்தவள் வயதுக்கு வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனாள். ஆறு ஊசியும் முதலிலேயே முடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் வீட்டுக்காரர் என்னிடம் ஒரு முறை கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இன்றைக்கு அந்த மனிதர் அவர் ஊரில் யாருக்குக் கீமோ ஆரம்பித்தாலும் முதல் ஆளாக அந்த வீட்டுக்குப் போகிறார். போகும்போது கையில் அரைக் கிலோ உப்பும் ஒரு பொட்டலம் ஆப்ப சோடாவும் கொண்டுபோகிறார். திண்ணையில் உட்கார்ந்து, எப்படிக் கலக்குவது என்று கணவன், மனைவி இருவருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டு வருகிறார்.

நீங்களும் அப்படி ஒருவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள். பொடிக்காரன் வந்து உட்காருவதற்கு முன்னால் உட்காருங்கள்.

வீட்டுச் சுவரில் ஒட்டி வைக்க:
1. சொன்ன தேதியில் சொன்ன சிகிச்சை. பாதியில் நிறுத்தாதீர்.
2. உப்பு, சோடா தண்ணீரில் தினம் ஐந்தாறு முறை வாய் கொப்பளிப்பீர்.
3. முட்டை, பால், பருப்பு, கடலை – நிறுத்தாதீர்.
4. கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் 100.4 – உடனே ஆஸ்பத்திரி.
5. தினம் கொஞ்சம் நடை, கூடவே துணை.
6. சிகிச்சைக் காலத்தில் கர்ப்பம் வேண்டாம்.
7. எந்தக் கைமருந்தானாலும் டாக்டரிடம் மறைக்காதீர்.